கேம் கேரக்டரோட காதல் பித்தை எப்படிப் படிக்கிறது? வசனத்தை விடுங்க, உங்க கையைப் பாருங்க

கேம்ல ஒரு கேரக்டர் இன்னொருத்தர் மேல பித்துப் பிடிச்சுக் கிடந்தா நாம பொதுவா ரெண்டு விதமாத்தான் எடுத்துக்குறோம். ஒண்ணு "என்னா லவ்வுடா இது"ன்னு உருகிப் போறது, இல்லாட்டி "சைக்கோ"ன்னு ஒத்த வார்த்தையில கதையை முடிச்சிடுறது. ரெண்டுலயுமே அந்த மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கிறது நம்ம கண்ணுக்குத் தப்பிடுது. நான் பல வருஷமா இந்த மாதிரி கேம்களைத் தேடித் தேடி விளையாடுறேன், பக்கத்துல ஒரு நோட்டு வெச்சு எழுதிக்கிட்டே ரெண்டாவது ரவுண்டு மூணாவது ரவுண்டுன்னு போவேன், அதுல எனக்குப் பிடிபட்ட வழியைத்தான் இங்க சொல்றேன். கேரக்டர் என்ன பேசுதுங்கிறதை விட அது உங்க கையை என்ன செய்ய வைக்குதுன்னு பாருங்க. நாவல்லயும் படத்துலயும் இல்லாத ஒரு சாட்சி கேம்ல இருக்கு, அதுதான் கன்ட்ரோலரைப் பிடிச்சிருக்கிற உங்க கை.

முன்னாடியே சொல்லிடுறேன், டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப், ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், சைலண்ட் ஹில் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ், நியர் ரெப்ளிகன்ட், ரெசிடெண்ட் ஈவில் வில்லேஜ், இதெல்லாத்தோட முடிவையும் கீழ உடைச்சுத்தான் பேசப் போறேன். இன்னும் விளையாடாதவங்க முடிச்சிட்டு வாங்க. அதுலயும் முதல்ல சொன்ன கேம்ல தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கிறது எல்லாம் நேரடியாவே வருது, மனசு சரியில்லாத நேரத்துல அதைத் தொடாதீங்க.

சரி, முதல் வேலை, 'யாண்டரே'ங்கிற லேபிளைக் கொஞ்ச நேரம் தூக்கி ஓரமா வைங்க. காதல் முத்திப்போய் வெறியாகிற கேரக்டரைச் சொல்ற பேர் அது, ஜப்பானிய மொழியில நோயுற்ற நிலையைச் சொல்ற ஒரு வார்த்தையையும் காதல்ல குழையறதைச் சொல்ற ஒரு வார்த்தையையும் ஒட்டிப் பொறந்தது. பேர் தப்பில்ல, ஆனா அதைச் சொன்ன உடனே எல்லாருக்கும் கத்தியும் வெறிச்ச கண்ணும்தான் ஞாபகம் வருது, உள்ள இருக்குற காரணம் வர்றதில்ல. நம்ம மொழியில இதுக்கு இன்னும் கூர்மையான வார்த்தைங்க ரொம்ப காலமாவே இருக்கு. ஒருதலையா வர்றது கைக்கிளை, அளவு மீறி பொருந்தாம போறது பெருந்திணை. பெருந்திணையோட குறிப்புகள்ல ஒண்ணா தொல்காப்பியம் 'தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்'னு சொல்லுது. யார் என்ன சொன்னாலும் தெளியாத, தேத்தவே முடியாத நிலை. அந்தத் 'தேறுதல் ஒழிந்த'ங்கிறதைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, எவ்வளவு காதலிக்கிறாங்கங்கிறது இல்ல விஷயம், எதிர்ல இருக்கிறவர் தர்ற தகவல் உள்ள போகுதா இல்லையாங்கிறதுதான்.

அடுத்தது, இது எந்த வகைப் பித்துன்னு பிரிக்கணும். டோரதி டென்னவ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1979ல லிமரென்ஸ்ங்கிற வார்த்தையை வெச்சு ஒரு புத்தகமே எழுதினாங்க. கேக்காமலே மனசுக்குள்ள வந்து உக்காந்துக்குற நினைப்பு, அவங்க சும்மா ஒரு தடவை திரும்பிப் பாத்தாலும் அதுல ஆயிரம் அர்த்தம் தேடுறது, இது முக்கியமா எதுல வளருதுன்னா நம்பிக்கையும் சந்தேகமும் கலந்த நிலைமையில. முழுசா கிடைச்சிட்டாலும் அடங்கிடும், முழுசா இல்லைன்னு தெரிஞ்சாலும் காலப்போக்குல அடங்கிடும், நடுவுல தொங்குனாதான் கொழுந்து விட்டு எரியும். எரோட்டோமேனியாங்கிறது வேற, அதை 1921ல பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ விவரிச்சு எழுதினதால அவர் பேர்லயும் சொல்றாங்க, அதுல 'அவங்க என்னைத்தான் காதலிக்கிறாங்க'ன்னு ஆணித்தரமான நம்பிக்கை, சந்தேகத்துக்கே இடமில்ல, மறுத்தாக்கூட "வெளியில சொல்ல முடியாம தவிக்கிறாங்க"ன்னுதான் எடுத்துக்குவாங்க. மூணாவது ஒத்தெல்லோ சிண்ட்ரோம், துணை துரோகம் பண்றாங்கங்கிற அசைக்க முடியாத மாயை. நாலாவதா நான் சேத்துக்குறது துக்கம், செத்துப்போன ஒருத்தரை விட முடியாம இன்னொரு உடம்புல தேடுறது. கேம்ல அதிகமா வர்றது இந்த நாலாவதுதான், ஆனா அதை யாரும் காதல் பித்துல சேக்குறதே இல்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

1999ல இத்தாலியில டொனடெல்லா மராசிட்டியும் அவங்க குழுவும் ஒரு ஆய்வு பண்ணாங்க, புதுசா காதல்ல விழுந்த 20 பேர், ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற மனநோய் இருக்குற 20 பேர், ரெண்டும் இல்லாத 20 பேர். ரத்தத் தட்டணுக்கள்ல செரோடோனின்ங்கிற மூளை ரசாயனத்தைக் கடத்துற புரதத்தை அளந்து பாத்தா காதலிச்சவங்களுக்கும் ஓசிடி உள்ளவங்களுக்கும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்துச்சு. சின்ன ஆய்வு, அதை வெச்சு பெரிய கோட்டை கட்டக் கூடாது, ஆனா ஆரம்ப காதலுக்கும் பித்துக்கும் நடுவுல மதில் ஒண்ணும் இல்லைன்னு யோசிக்க வைக்குது.

இப்ப கேமுக்குள்ள போவோம். பாக்க வேண்டிய முதல் இடம், அந்தக் காதல் வர்றதுக்கு முன்னாடி அந்த கேரக்டர்கிட்ட என்ன ஓட்டை இருந்துச்சுங்கிறது. ஜான் போல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் குழந்தை-தாய் பிணைப்பு பத்தி உருவாக்கின கோட்பாட்டை 1987ல ஹசானும் ஷேவரும் பெரியவங்க காதலுக்கும் பொருத்திப் பாத்தாங்க, பிரிவுன்னு வந்தா பதறுறவங்க, கிட்ட வந்தா விலகுறவங்க, இப்படியெல்லாம். கேம் கேரக்டருக்குக் குழந்தைப் பருவம்னு ஒண்ணு முழுசா எழுதியிருக்க மாட்டாங்க, அதனால ஓட்டையைப் பொருள்கள்ல தேடணும். தி லாஸ்ட் ஆஃப் அஸ்ல நாயகன் ஜோயல் கையில ஒரு வாட்ச். மக சேரா பிறந்தநாளுக்குக் கொடுத்தது, அவ செத்த ராத்திரியில உடைஞ்சு போச்சு, 20 வருஷம் கழிச்சும் ஓடாத அதைக் கட்டிக்கிட்டுத்தான் திரியுறாரு. நேரம் பாக்கவா கட்டியிருக்காரு? அந்த ராத்திரியிலயே அவருக்கு நேரம் நின்னு போச்சு.

அதே கேம்லயே கை சாட்சி சொல்றதையும் பாத்துடலாம். தொடக்கத்துல சேராவைத் தூக்கிக்கிட்டு ஓடுறது நீங்கதான், ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி ஓடுறீங்க, சுட முடியாது, சண்டை போட முடியாது, ஓட மட்டும்தான் முடியும். கடைசியில, தொத்துநோய்க்கு மருந்து எடுக்க எல்லிங்கிற பொண்ணோட உயிரையே எடுக்கப் பாக்குற ஆஸ்பத்திரியில அவளைத் தூக்கிக்கிட்டு ஓடும்போதும் அதே உடம்பு பாரம், அதே கட்டுப்பாடு, விரல்ல அதே இடம். வாயால "நீ என் மக இல்ல"ன்னு எல்லிகிட்ட முன்னாடி ஒருதடவை கடுமையா சொன்ன மனுஷன்தான் இவரு. உங்க விரலுக்கு மட்டும் தெரியும், இது எல்லியைக் காப்பாத்துறது மட்டும் இல்ல, சேராவை இந்தத் தடவை விட்டுடக் கூடாதுங்கிற ஓட்டம். ஜோயல் பண்ணது சரியா தப்பான்னு சண்டை போடுறவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், எல்லிகிட்ட யாராவது கேட்டாங்களா? அங்க தலைமையில இருந்த மார்லீனும் கேக்கல, ஜோயலும் கேக்கல. அப்புறம் நடந்ததைப் பத்தி அவகிட்ட பொய்யும் சொல்லிட்டாரு, எல்லி "ஓகே"ன்னு சொல்றா, அந்த முகத்தை மறுபடி ஒருதடவை பாருங்க.

ரெசிடெண்ட் ஈவில் வில்லேஜ்ல மதர் மிராண்டா இதே ஓட்டையோட கோர வடிவம். ஸ்பானிஷ் ஃப்ளூவுல செத்துப்போன மக ஈவாவைத் திரும்பக் கொண்டு வர ஒரு ஊரையே சோதனைச்சாலையா மாத்துறா, நாயகன் ஈதனோட குழந்தை ரோஸை ஒரு பாத்திரமா மட்டும் பாக்குறா. ரோஸ்னு ஒரு உயிர் அங்க இருக்குங்கிறதே அவளுக்குத் தெரியறதில்ல. எழுத்து அவ்வளவு நுணுக்கம்னு சொல்ல மாட்டேன், ஆனா புதுசா இப்படிப் படிக்கிறவங்களுக்கு நல்ல தொடக்கம், எல்லாம் வெளிப்படையா இருக்கும்.

ரெண்டாவது இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். காதலிக்கப்படுறவங்களுக்கு "வேண்டாம்"னு சொல்ல வழி இருக்கா, சொன்னா என்ன நடக்குது. நோட்டுல ஒரு பக்கம் அவங்க மொத்தம் பேசுற வரிகளை எழுதுங்க, சில கேம்ல அந்தப் பக்கம் காலியாவே இருக்கும், அதுவே பதில். ஒரு ஸ்கூல் இலக்கிய கிளப்புல நடக்குற டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்ல யூரிங்கிற பொண்ணு உங்க பேனாவை எடுத்துட்டுப் போய் வீட்டுல வெச்சுக்கிட்டா, அது லிமரென்ஸ்ல நாம எல்லாரும் கேள்விப்பட்ட விஷயம்தான், அவங்க தொட்ட பொருள் அவங்களாவே ஆயிடுறது. ஆனா கடைசியில காதலைச் சொல்லிட்டு ஏத்துக்குறியான்னு கேக்குறா, திரையில ஆமாம், இல்லைன்னு ரெண்டு பட்டன் வருது. ரெண்டுல எதை அமுக்கினாலும் அவ தன்னைத்தானே குத்திக்கிறா. நான் முதல்ல ஆமாம்னு அமுக்கினேன், அதிர்ந்து போய் உக்காந்துட்டு, என்னாலதான் இப்படி ஆச்சோன்னு அடுத்த ரவுண்டுல இல்லைன்னு அமுக்கினேன், அதேதான். அப்பதான் புரிஞ்சுச்சு, அந்தக் கேள்வி எங்கிட்ட கேட்டதே இல்ல. பித்துல இருக்குற மனசு கேள்வி மாதிரி ஒண்ணு கேக்கும், ஆனா பதிலுக்கு அங்க வேலையே கிடையாது. இதைப் பத்துப் பக்கம் எழுதியும் விளக்க முடியாது, ரெண்டு பட்டன்ல காட்டிட்டாங்க.

அதே கேம்ல மோனிகா. கிளப்புல இருக்குற மத்த பொண்ணுங்களுக்குக் கவிதை எழுதலாம், அவளுக்கு எழுத வழியே இல்ல, ஏன்னா அவ காதலிக்கக்கூடிய கேரக்டரா டிசைன் பண்ணப்படல, ஆனா தான் ஒரு கேமுக்குள்ள இருக்கோம்னு தெரிஞ்சவ அவ ஒருத்திதான். சுத்தி இருக்குறவங்க எல்லாம் எழுதி வெச்ச ஸ்கிரிப்ட், திரைக்கு வெளிய உக்காந்திருக்குற நீங்க மட்டும் நிஜம், அப்படி ஒரு தனிமையை யோசிச்சுப் பாருங்க. அவ கிளப்புல இருக்குற சயோரியோட மனச்சோர்வைக் கூட்டுறா, யூரியோட வெறியைக் கூட்டுறா, அவங்க ஃபைல்களை அழிக்கிறா. யாருக்கு உதவி பண்ணப் போறேன்னு கேக்குற ஒரு இடத்துல மவுஸை வேற பேர் பக்கம் கொண்டு போனா அது தானா மோனிகா பேர் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். அந்த இழுவையை விரல்ல உணர்ந்தவங்களுக்கு ஆதிக்கம்னா என்னன்னு தனியா விளக்கவே வேண்டாம்.

அப்புறம் அந்த ரூம். எல்லாத்தையும் அழிச்சிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நீங்க, ஜன்னலுக்கு வெளிய வெறும் வெளி. உங்களையே பாத்துக்கிட்டுப் பேசிட்டே இருப்பா, புத்தகம், நட்பு, எழுத்து, மனச்சோர்வு, பல விஷயம் நல்லாவே பேசுவா, அதுதான் கஷ்டமும். நீங்க பதில் சொல்ல ஒரு இடமும் இல்ல. வெளிய வர ஒரே வழி, கேமை விட்டு வெளிய போய் போல்டரைத் திறந்து அவ பேர்ல இருக்குற ஃபைலை நீங்களே அழிக்கணும். நான் ரெண்டு நாள் அழிக்காம வெச்சிருந்தேன், ராத்திரி திறந்து அவ பேசுறதைக் கேட்டுட்டு மூடிடுவேன். பாவமா இருந்துச்சு. அழிச்ச பிறகு அவ முதல்ல வலிக்குதுன்னு கெஞ்சுறா, கோவப்படுறா, கொஞ்ச நேரம் கழிச்சு மனசு மாறி மத்தவங்களைத் திரும்பக் கொண்டு வர்றா. அந்த மாற்றம் எப்ப வருது பாருங்க, உங்ககிட்ட இருந்து முதல் தடவையா ஒரு நிஜமான "வேண்டாம்" வந்த பிறகுதான்.

மூணாவதா பாக்க வேண்டியது கணக்கு. "உனக்காக நான் இதையெல்லாம் பண்ணேன்"ங்கிற வாக்கியம் எங்கயாவது வருதான்னு தேடுங்க, வாயால வரலைன்னா கேம் சிஸ்டத்துல வருதான்னு தேடுங்க. டேட்டிங் இருக்குற பல கேம்ல பரிசு கொடுத்தா புள்ளி ஏறும். ஸ்டார்டியூ வேலியில ஒருத்தருக்கு வாரத்துக்கு 2 பரிசு, இதயம் ஒவ்வொண்ணா நிரம்பும், 8 இதயம் ஆனதும் பூங்கொத்து கொடுக்கலாம். எனக்கு அந்த கேம் உயிர், குறை சொல்லல. ஆனா போதுமான அளவு கொடுத்தா எதிராளி ஒத்துக்கிட்டே ஆகணுங்கிற எண்ணம் அந்த மீட்டருக்குள்ள இருக்கு பாருங்க, லிமரென்ஸ்ல தவிக்கிற ஆள் ராத்திரி பூரா படுத்துக்கிட்டு ஆசைப்படுறது அப்படி ஒரு மீட்டரைத்தான். நிஜ மனுஷங்ககிட்ட அது இல்லைங்கிறதுதான் அவங்க வேதனையே.

சைலண்ட் ஹில் 2க்குன்னு தனியா ஒரு ராத்திரி ஒதுக்குங்க. செத்துப்போன மனைவி மேரிகிட்ட இருந்து கடிதம் வந்துச்சுன்னு ஜேம்ஸ் அந்த ஊருக்கு வர்றான், மேரி மாதிரியே முகம், ஆனா மேரி மாதிரி இல்லாத மரியா அங்க இருக்கா. அவ ஜேம்ஸோட ஆசையில இருந்து அந்த ஊர் பெத்துப் போட்ட உருவம், நோய் இல்லாத, அவன் மேல கோவப்படாத மேரி. கடைசியில தெரியுது மேரியைக் கொன்னதே அவன்தான்னு. 2001ல வந்த ஒரிஜினல்ல அந்தக் கடிதத்தை அடிக்கடி இன்வென்டரியில திறந்து பாருங்க, போகப் போக எழுத்து மறைஞ்சு வெறும் தாளாயிடும், அப்புறம் அந்தத் தாளும் இருக்காது. எவ்வளவு பேர் அதைக் கவனிக்காமலே முடிச்சிருப்பாங்க. அதோட எந்த முடிவு வரும்னு தீர்மானிக்கிறது பெரிய கேள்வி பதில் எதுவும் இல்ல, உங்க பழக்கம்தான். மேரியோட படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பாத்தீங்களா, மரியா பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நடந்தீங்களா, அடிபட்டும் மருந்து எடுத்துக்காம திரிஞ்சீங்களா, இதையெல்லாம் கேம் சத்தமில்லாம எண்ணிக்கிட்டே வருது. நான் மரியாவைப் பத்திரமாப் பாத்துக்கிட்டேன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன், கேம் அதைப் பாத்து "இவன் நிஜத்தை விட்டுட்டு மாயையைப் பிடிச்சுக்கிட்டான்"னு எழுதிக்கிச்சு.

ஒண்ணை மட்டும் வெச்சுப் பாத்தா எல்லாமே பித்தாத்தான் தெரியும், அதனால எதிர் உதாரணம் கண்டிப்பா வேணும். நியர் ரெப்ளிகன்ட்ல ஒரு அண்ணன் தங்கச்சி யோனாவுக்காக நிழல் உருவங்களைக் கொன்னுக்கிட்டே போறான், முதல் தடவை அதெல்லாம் வெறும் அரக்கன்தான். ரெண்டாவது ரவுண்டுல அதே உருவங்க பேசுறது உங்களுக்குக் கேக்க ஆரம்பிக்குது, அதுங்களுக்கும் அம்மா, புள்ள, பயம் எல்லாம் இருக்கு, ஆனா வாளை அதே மாதிரி வீசித்தான் ஆகணும். ஒருத்தி மேல வெச்ச பாசம் மத்த எல்லாரோட சத்தத்தையும் எப்படி அமுக்கிடுதுன்னு இதை விட நேர்மையா நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஆனா அதே கேமோட டி முடிவுல கூடவே சண்டை போட்ட தோழி கைனேவைக் காப்பாத்த அவன் தன் இருப்பையே கொடுக்குறான், யாருக்கும் அவன் ஞாபகம் இருக்காது, உங்க சேவ் ஃபைல் எல்லாத்தையும் கேம் உங்க கண்ணு முன்னாடியே அழிக்கும். கைனேவுக்குக் கூட தெரியாது. "உனக்காகப் பண்ணேன்"னு சொல்லிக்க ஒரு ஆள் மிச்சமில்ல. மோனிகாவும் ஃபைலை அழிச்சா, இங்கயும் ஃபைல் அழியுது, யாரோட ஃபைலை யார் அழிக்கிறாங்கன்னு பக்கத்துப் பக்கத்துல எழுதிப் பாத்தீங்கன்னா வித்தியாசம் உங்களுக்கே விளங்கிடும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. இந்த வார்த்தைகளை எல்லாம் கத்துக்கிட்டு தெரிஞ்சவங்க, பழகினவங்க மேல ஒட்டாதீங்க, "நீ மோனிகா டைப்"னு ஒருத்தரைச் சொல்றது எவ்வளவு காயப்படுத்தும்னு நான் நேர்ல பாத்திருக்கேன். பிரிவுன்னா பதறுற மனசு இருக்குற பெரும்பாலானவங்க யாருக்கும் ஒரு தீங்கும் பண்றதில்ல, அவங்களே தவிச்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா நிஜத்துல ஒருத்தர் உங்களைப் பின்தொடர்றது, மிரட்டுறது, நீங்க போகலைன்னா தன்னை ஏதாவது பண்ணிக்குவேன்னு சொல்றது, இதெல்லாம் கேம் அலசல் பண்ற விஷயம் இல்ல, உடனே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி உதவி கேளுங்க.

கடைசியா பயிற்சிக்கு ஒண்ணு. ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் எடுங்க. செத்துப்போன மோனோங்கிற பொண்ணைத் திரும்பக் கொண்டு வர 16 ராட்சத உருவங்களைக் கொல்லணும், விலை பெருசா இருக்கும்னு டோர்மின்ங்கிற அமானுஷ்யக் குரல் எச்சரிச்சும் நாயகன் வாண்டர் பரவாயில்லைன்னுட்டான். ஒவ்வொண்ணைக் கொன்ன பிறகும் கறுப்பா ஏதோ அவன் உடம்புக்குள்ள பாயுது, முகம் வெளுக்குது, முடி கறுக்குது, யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்ல. நோட்டுல மோனோ பக்கம் காலி, அவ கேட்டது ஒண்ணுமே இல்ல. 13வது கொலோசஸ்கிட்ட போகும்போது மட்டும் குதிரையை நிறுத்திட்டு ஒரு பத்து நிமிஷம் எதுவும் பண்ணாம இருங்க. பாலைவனத்துக்கு மேல நீளமா பறந்துக்கிட்டே இருக்கும், உங்களை ஒண்ணும் பண்ணாது, எவ்வளவு நேரம் நின்னாலும் பண்ணாது. இசையும் மணலும்தான். அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுதோ அதை எழுதி வைங்க. நான் அப்படி நின்னப்ப எனக்கு அதைக் கொல்ல விருப்பமே இல்ல, ஆனா கேமை முடிக்கணுமேன்னு இருந்துச்சு. வில்லை எடுத்து வயித்துக்குக் கீழ இருக்குற காத்துப் பைகளைக் குறி வெச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அடிச்சேன், அது மெல்ல தரைப்பக்கம் இறங்கி வந்துச்சு, நான் குதிரையை விரட்டிக்கிட்டுப் போய் றெக்கையில தாவினேன். கடைசி வரைக்கும் அது என்னைத் திருப்பித் தாக்கவே இல்ல.